27 வயதில் ஊர் தேடுபவர்கள்

2018 ஜூலை முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கனடா தினத்துக்காக ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் உறவினர்கள் கூடியிருந்தார்கள். கடும் வெயில். பார்பிகியூ அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தபோது, தம்பியின் மூத்த மகன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி அடுப்படிக்கு ஓடிவந்தான். திரையில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் பனி ஹொக்கி அணியின் சின்னம் பதித்த படுக்கை விரிப்பில் ஒரு சிறுவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சிறுவன் ஜோன் தவாரெஸ். ஒன்பது பருவங்கள் நியூ யோர்க் ஐலண்டர்ஸ் அணிக்கு ஆடிய அவர், ரொறன்ரோவுக்கு வருகிறேன் என்பதை அறிவிப்பதற்கு அந்தப் படத்தையே தெரிவுசெய்திருந்தார்.

ஏழு வருடங்கள், 77 மில்லியன் அமெரிக்க டொலர் என்று மருமகன் வாசித்தான். அதற்கு முந்தைய வாரம் லொஸ் ஏஞ்சலஸில் தம்முடைய முகவரின் அலுவலகத்தில் ஐலண்டர்ஸ் உட்பட ஆறு அணிகளின் நிர்வாகிகளை தவாரெஸ் ஒவ்வொருவராகச் சந்தித்திருந்தார். சான் ஹொசே அணி இதைவிடக் கூடிய தொகை தர முன்வந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. எங்கள் பின்வளவில் அன்று பேசப்பட்டதெல்லாம் தொகையைப் பற்றியே. எனக்கு அந்தப் படம்தான் மனதில் நின்றது. ரொறன்ரோவிலிருந்து காரில் புறப்பட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் எட்டிவிடக்கூடிய ஓக்வில் நகரில் வளர்ந்தவர் அவர். பெற்றோர் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வருகிறார். அதைச் சொல்வதற்கு ஒரு குழந்தையின் படுக்கையைக் காட்டியது பொருத்தம் என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஃப்ரீ ஏஜென்ற், அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணியோடும் பேசக்கூடியவர், ஆகும் ஹொக்கி வீரர் ஏன் ஓர் அணியை விட்டு இன்னோர் அணிக்குப் போகிறார் என்று பேசும்போது நாங்கள் இரண்டு காரணங்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஒன்று காசு, மற்றது வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல். போட்டியில் வெல்பவருக்குரிய ஸ்டான்லி கிண்ணம். இரண்டும் உண்மையானவை. 2008இல் மரியன் ஹோசா, பெருந்தொகையோடு நீண்டகால ஒப்பந்தம் தரக் காத்திருந்த அணிகளை விட்டுவிட்டு, கிண்ணம் வெல்லும் ஆசையில் ஒரே ஒரு வருடத்துக்கு டெட்ரொயிட் போனார். அடுத்த வருட இறுதிச் சுற்றில், தாம் விட்டுவந்த பிற்ஸ்பேர்க் அணியிடமே தோற்றார். ஆனால் இருபது வருடங்களாக இந்த விளையாட்டைப் பார்த்துவரும் எனக்கு, இந்த இரண்டுக்கும் கீழே மூன்றாவது ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. எந்த ஊரில் குடியிருப்பது, யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்ற கேள்வியே அது. பலருக்கு அதுதான் முதற் கேள்வியாகவும் இருக்கிறது.

இதற்கான காரணம் ஒப்பந்த விதிகளிலேயே இருக்கிறது. என்.எச்.எல். அணி ஒன்று ஓர் இளைஞனைத் தெரிவுசெய்யும்போது அவனுக்குப் பெரும்பாலும் 18 வயது. எந்த நகரம் என்பதில் அவனுக்குச் சொல்லும் உரிமை எதுவும் கிடையாது. பெயர் வாசிக்கப்பட்டதும் மேடையேறி, கொடுக்கப்படும் சட்டையை அணிந்துகொள்ள வேண்டியதுதான். அதன் பிறகு வழமையாக 27 வயதை எட்டும்போது, அல்லது ஏழு பருவங்கள் ஆடி முடிக்கும்போதுதான், எந்த அணியோடும் பேசக்கூடிய முழுச் சுதந்திரம் அவனுக்குக் கிடைக்கிறது. ஒன்பது வருடம் மற்றவர்கள் காட்டிய ஊரில் வாழ்ந்தவருக்கு முதன்முதலாக ஊரைத் தெரிவுசெய்யும் உரிமை வருகிற வயது எது என்று பாருங்கள். திருமணம் நடக்கிற வயது, முதற் குழந்தை பிறக்கிற வயது, பெற்றோருக்கு முதுமை தொடங்குகிற வயது அது. அந்த நேரத்தில் கையெழுத்திடுவது ஏழு வருட ஒப்பந்தம் என்றால், குழந்தை நடக்கப் பழகுவதிலிருந்து பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முடிப்பது வரை எங்கே என்பதையும் அந்தக் கையெழுத்தே முடிவுசெய்கிறது.

2005இல் வந்த சம்பள உச்சவரம்பு இதை இன்னும் கூர்மையாக்கியது. உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறில் 2004–05 பருவம் முழுவதும் பூட்டிக் கிடந்த பிறகு வந்த அந்த ஏற்பாட்டின்படி எல்லா அணிகளும் ஒரே எல்லைக்குள்தான் செலவிடலாம். 2025–26 பருவத்துக்கு அது 95.5 மில்லியன் டொலர். பெரிய நகரத்துப் பணக்கார அணி சிறிய நகரத்து அணியைப் பல மடங்கு விஞ்சிக் காசைக் கொட்டி ஒருவரை வாங்கிவிட முடியாது. நாலைந்து அணிகள் கிட்டத்தட்ட ஒரே தொகையோடு வாசலில் நிற்கும்போது, தொகையைத் தவிர்ந்த மற்றவையெல்லாம் கனக்கத் தொடங்குகின்றன.

தொகை ஒன்றாக இருந்தாலும் கைக்கு வருவது ஒன்றல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்ராறியோவில் உச்ச வரி விகிதம் 53.53 வீதம். புளோரிடா, டெக்சஸ், நெவாடா, டென்னசி ஆகிய மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. அமெரிக்க மத்திய அரசின் உச்ச விகிதமான 37 வீதமே பெரும்பங்கு. இரசிகர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து விடை கண்டுவிடுகிறார்கள். கணக்கு அவ்வளவு எளிதல்ல. வெளியூர் ஆட்டங்களுக்கு அந்தந்த மாநிலமும் மாகாணமும் தமக்குரிய வரியை எடுத்துக்கொள்ளும். பருவத்தின் பாதி ஆட்டங்கள் வெளியூரில்தான். கனடிய அணிகளும் ஒப்பந்தப் பணத்தைக் கையெழுத்து ஊக்கத்தொகையாகப் பிரித்துக் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தன. தவாரெஸின் 77 மில்லியனில் மிகப் பெரும் பகுதி அப்படிப்பட்ட ஊக்கத்தொகைதான். அதில் 2018இல் கிடைத்த முதற் பகுதி, அமெரிக்காவில் குடியிருந்தபோது பெற்றது என்பதால் இரு நாட்டு வரி உடன்படிக்கையின்படி அதற்கு 15 வீதமே செல்லும் என்பது அவருடைய தரப்பு. சம்பளமாகவே கொள்ளவேண்டும் என்று கனடிய வருமான வரித் திணைக்களம் வட்டியோடு சுமார் 8 மில்லியன் கனடிய டொலர் கேட்க, அது வரி நீதிமன்றம் வரை போயிற்று. ஊருக்குத் திரும்புவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

வெயிலும் வரியும் மட்டுமே வீரர்களை இழுக்கின்றன என்று சொல்பவர்களுக்கு என் பதில் புளோரிடா பந்தர்ஸ் அணியின் கடந்த காலம். 2024, 2025 ஆகிய இரண்டு வருடங்களிலும் கிண்ணம் வென்ற அதே அணி, 2001 முதல் 2011 வரை நடந்த பத்துப் பருவங்களிலும் கிண்ணத்துக்காக ஆடப்படும் பிளே-ஓஃப் சுற்றுக்கே தகுதிபெறவில்லை. அந்தப் பத்துப் பருவங்களிலும் அங்கே அதே கடற்கரை இருந்தது, அதே வெயில் அடித்தது, மாநில வரியும் இருக்கவில்லை. ஆனாலும் பெரிய பெயர்கள் வரிசையில் நிற்கவில்லை. 2013இல் உரிமையாளர் மாறினார். 2020இல் பில் சீட்டோ பொது முகாமையாளராக வந்தார். போர்ட் லோடர்டேல் நகரின் நடுவே, கடற்கரைக்கு அருகில், புதிய பயிற்சி அரங்கம் எழுந்தது. வெல்லக்கூடிய அணி என்ற நம்பிக்கை பிறந்த பிறகுதான் வெயிலுக்கு விலை வந்தது. 2025 கோடையில் சாம் பென்னெற், ஆரன் எக்பிளாட், பிராட் மார்ஷண்ட் மூவரும் வேறெங்கும் போகாமல் அங்கேயே கையெழுத்திட்டபோது, வாழ்க்கை வசதியும் வெற்றியும் ஒரே முகவரியில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை எல்லோரும் பார்த்தோம்.

பயிற்சி அரங்கம் என்று சொன்னேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காத விடயம் இது. வீரர் ஒருவர் தம் அணியின் பெரிய அரங்குக்கு வருடத்தில் நாற்பது சொச்ச நாட்களே ஆட்டத்துக்காகப் போகிறார். மற்ற நாட்களில் காலையில் அவர் காரோட்டிப் போவது பயிற்சி அரங்குக்குத்தான். நியூ யோர்க் றேஞ்சர்ஸ் மன்ஹாட்டனின் நடுவில் ஆடினாலும் பயிற்சி எடுப்பது வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரை ஊரான ரறிரவுணில். அதனால் பிள்ளைகள் உள்ள வீரர்கள் பலர் அந்தப் பக்கத்துப் புறநகரங்களில், மரங்கள் அடர்ந்த தெருக்களில், நல்ல பள்ளிக்கூடங்களுக்கு அருகே வீடெடுக்கிறார்கள். பயணமும் அப்படியே. றேஞ்சர்ஸ், ஐலண்டர்ஸ், டெவில்ஸ் மூன்றும் ஒரே பெருநகரப் பகுதியில் இருப்பதால் சில வெளியூர் ஆட்டங்கள் முடிந்தும் வீரர் சொந்தக் கட்டிலில் படுக்கலாம். எட்மன்டனிலோ வன்கூவரிலோ ஆடுபவர் நேர வலயங்களைத் தாண்டித் தாண்டிப் பறந்து, விடியும் வேளையில் வீடு வந்து சேர்ந்து, மூன்று மணித்தியாலத்தில் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். வீட்டில் தனியே அந்த நாட்களைச் சமாளிப்பவர் மனைவி. அவருக்குத் தாய் வீடு பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பது, ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும், ஒப்பந்தத்தைத் தீர்மானிக்கிறது.

2012 ஜூலை 4ஆம் திகதி ஸக் பரீசேயும் றையன் சூட்டரும் மினசோட்டா வைல்ட் அணியோடு 13 வருடங்களுக்கு, ஆளுக்கு 98 மில்லியன் டொலருக்கு, ஒரே மாதிரியான இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். பரீசே நியூ ஜேர்சி டெவில்ஸ் அணித்தலைவராக அந்த வருடம் இறுதிச் சுற்று வரை போனவர். சூட்டர் நாஷ்வில்லின் தூண். இருவரும் ஏன் அதுவரை கிண்ணம் எதுவும் வென்றிராத அணிக்கு வந்தார்கள்? பரீசே மினியாபொலிஸில் பிறந்தவர்; தந்தை ஜே.பி. பரீசே ஒரு காலத்தில் மினசோட்டா நோர்த் ஸ்ரார்ஸ் வீரர். சூட்டர் பக்கத்து மாநிலமான விஸ்கொன்சினைச் சேர்ந்தவர். அவருடைய மனைவியின் ஊர் மினசோட்டாவின் புளூமிங்ரன். கிண்ணம் வரவில்லை. 2021இல் அணி இருவரையும் ஒரே நாளில் பணம் கொடுத்து விடுவித்தது. ஹொக்கிக் கணக்கில் இந்த ஒப்பந்தங்களைத் தோல்வி என்றே எழுதுகிறார்கள். ஆனால் 2015 ஜனவரியில் ஜே.பி. பரீசே புற்றுநோயால் இறந்தபோது, மகன் அதே மாநிலத்தில், அருகிலேயே இருந்தார். நியூ ஜேர்சியில் தங்கியிருந்தால் அந்தக் கடைசி இரண்டரை வருடங்களை அவர் விமான நிலையங்களில் கழித்திருப்பார். அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய எந்தத் தீர்ப்பிலும் இதற்கு ஒரு வரி இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சொந்த ஊர் எல்லோரையும் இழுக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ரொறன்ரோவில் வாழும் எனக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு கனடிய அணி கடைசியாகக் கிண்ணம் வென்றது 1993இல், மொன்றியல். லீஃப்ஸ் வென்றது 1967இல். அந்தப் பசியெல்லாம் வீரர்கள் மேல் இறங்குகிறது. மரக்கறி வாங்கப் போனாலும் யாராவது முந்தைய இரவு விட்ட பிழையைப் பற்றிக் கேட்பார்கள். தவாரெஸ் இதற்குள் வந்து தாக்குப்பிடித்தார். 2025இல் சந்தை விலையை விடக் குறைவாக, வருடத்துக்கு 4.38 மில்லியனுக்கு, இன்னும் நாலு வருடங்கள் இருக்க ஒப்புக்கொண்டார். அதே வாரத்தில், அதே நகரின் வடக்குப் புறத்தில் வளர்ந்த மிச் மார்னர், லீஃப்ஸ் அணிக்காக 657 ஆட்டங்களில் 741 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) எடுத்த பிறகு, எட்டு வருடங்களுக்கு லாஸ் வேகஸ் போனார். ஒரே மண்ணில் வளர்ந்த இருவரில் ஒருவர் வீட்டை நோக்கி வந்தார், மற்றவர் வீட்டிலிருந்து போனார். இருவருமே தம் குடும்பத்துக்குச் சரியென்று பட்டதைச் செய்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது வின்னிபெக். ஜனவரியில் சராசரி வெப்பநிலை மறை 16 பாகைக்கு அருகே, அடுத்த என்.எச்.எல். நகரம் பல நூறு கிலோமீற்றர் தூரத்தில். அனுபவம் வாய்ந்த வீரர்கள் தம் ஒப்பந்தத்தில், இந்த அணிகளுக்கு என்னை மாற்றக் கூடாது என்று ஒரு பட்டியல் சேர்க்கலாம். அந்தப் பட்டியல்களில் வின்னிபெக்கின் பெயர் அடிக்கடி இடம்பெறுவது எல்லோருக்கும் தெரிந்ததே. எட்மன்டனும் இந்த வலியை அறியும். 2009இல் அந்த அணியோடு பேசி முடித்த மாற்றத்தை டனி ஹீட்லி ஏற்க மறுத்து, பிறகு கலிபோர்னியா போனார். ஆகவே வின்னிபெக் தான் வளர்த்தவர்களை நம்பியே வாழ்கிறது. மார்க் ஷைஃப்லியும் கோல்காப்பாளர் கொனர் ஹெல்லபக்கும் 2023 ஒக்ரோபரில் ஒரே நாளில் ஏழு வருடங்களுக்குக் கையெழுத்திட்டபோது, அந்த நகரம் ஒரு திருவிழாவைப் போல அதைக் கொண்டாடியது. 2025 கோடையில் நிக்கொலாய் ஈலர்ஸ் கரோலைனாவுக்குப் போனார். அதே கோடையில் ஜொனதன் டேவ்ஸ் வந்தார். சிக்காகோவோடு மூன்று கிண்ணங்கள் வென்றவர், உடல்நலக் குறைவால் இரண்டு பருவங்கள் ஆடாமல் இருந்தவர், வின்னிபெக்கில் பிறந்தவர். மனிற்றோபாவில் ஓர் ஏரிக்கே அவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் தவிர்க்கும் குளிரை அவர் தேடி வந்தார், ஏனென்றால் அது அவர் வளர்ந்த குளிர்.

இந்தச் சிந்தனை எனக்குள் உறுதிப்பட்டது ஒரு தொலைபேசி உரையாடலில். அதைச் சொல்லுமுன் கொலம்பஸ் நகரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 2019 ஏப்ரலில் கொலம்பஸ் புளூ ஜாக்கெற்ஸ், அந்தப் பருவத்தில் 62 ஆட்டங்களை வென்றிருந்த ரம்பா பே அணியை நான்கு ஆட்டங்களுக்குப் பூச்சியம் என்று வீழ்த்தி, தன் வரலாற்றின் முதல் பிளே-ஓஃப் தொடர் வெற்றியைப் பெற்றது. ஜூலை முதலாம் திகதி ஒரே நாளில் அந்த அணி கலைந்தது. ஆர்த்தெமி பனாரின் நியூ யோர்க் போனார். பெருநகர வாழ்க்கையை விரும்பிக் கூடிய தொகையையும் விட்டார் என்று செய்திகள் வந்தன. சேர்கெய் பொப்ரொவ்ஸ்கி புளோரிடா போனார். கிராமியப் பாடல்களில் உயிரை வைத்திருக்கும் மற் டுஷேன், அந்த இசையின் தலைநகரான நாஷ்வில் போனார். கொலம்பஸில் யார்தான் இருக்க விரும்புவார்கள் என்று எழுதாத பத்திரிகை இல்லை.

மூன்று வருடங்கள் கழித்து, 2022 ஜூலை 13ஆம் திகதி, அந்தக் கோடையின் மிகச் சிறந்த ஃப்ரீ ஏஜென்ற் ஜொனி கூட்ரோ கொலம்பஸைத் தெரிவுசெய்தார். கல்கரி பிளேம்ஸ் அணிக்கு அந்தப் பருவத்தில் 115 புள்ளிகள் எடுத்தவர் அவர். டலஸ் அணிக்கெதிரான பிளே-ஓஃப் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தை மேலதிக நேரத்தில் முடித்துவைத்த கோலும் அவருடையதே. கல்கரி எட்டு வருடங்களுக்கு இன்னும் கூடிய தொகை தர ஆயத்தமாக இருந்தது. அவர் ஏழு வருடங்கள், வருடத்துக்கு 9.75 மில்லியன் என்று கொலம்பஸோடு ஒப்பந்தம் செய்தார். அவர் வளர்ந்தது நியூ ஜேர்சியின் தெற்கு மூலையில். முதற் குழந்தை பிறக்க இருந்தது. குடும்பத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம்.

கல்கரியில் இருக்கும் அத்தான் அன்றிரவு எனக்கு அழைத்தார். எண்ணெய்த் துறை வேலைக்காக அக்காவோடு அங்கே போய்ப் பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன. பிளேம்ஸ் சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்தது குறைவு. "கூடக் காசு குடுக்கிறம் எண்டு நிக்கிறாங்கள். கொலம்பஸில என்ன இருக்கு எண்டு போறான்?" என்று கோபப்பட்டார். நான் யோசிக்காமலே கேட்டேன்: "அத்தான், அப்பா ஆஸ்பத்திரியில இருந்த நேரம் அக்கா எத்தினை தரம் வந்தவ?" மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. "நாலு தரம்," என்றார். பிறகு, "கடைசிக்கு வந்து சேரேல்லை," என்றார். அக்காவின் விமானம் அன்று பனிப்புயலில் வின்னிபெக்கில் இறக்கப்பட்டிருந்தது. கூட்ரோவைப் பற்றி அதன்பிறகு அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

கொலம்பஸிலிருந்து தெற்கு நியூ ஜேர்சிக்குக் காரில் ஒரு பகல் ஓட்டம். பிலடெல்பியா, நியூ ஜேர்சி அணிகள் இன்னும் கிட்ட இருந்தன என்பது உண்மை. ஆனால் சம்பள உச்சவரம்பில் பிலடெல்பியாவிடம் இடமில்லை. கிடைத்ததில் கிட்டியதை அவர் எடுத்தார். 2024 ஜூலை முதலாம் திகதி, கல்கரியில் அவரோடு பல வருடங்கள் ஒரே வரிசையில் ஆடிய நண்பர் ஷோன் மொனஹானும் ஃப்ரீ ஏஜென்ற் ஆனபோது, ஐந்து வருடங்களுக்கு அதே கொலம்பஸுக்கு வந்தார். ஐந்து வருடங்களுக்கு முன் எல்லோரும் விட்டுப்போன நகரம், ஒருவருக்குத் தாய் வீட்டுக்குக் கிட்ட இருந்ததால் நல்ல நகரமாயிற்று. அவர் அங்கே இருந்ததால் இன்னொருவருக்கும் நல்ல நகரமாயிற்று.

2024 ஓகஸ்ட் 29ஆம் திகதி இரவு, தங்கையின் திருமணத்துக்கு முந்தைய நாள், ஊருக்கு வந்திருந்த கூட்ரோவும் அவருடைய தம்பி மத்தியூவும் நியூ ஜேர்சியில் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தபோது கார் மோதி இறந்தார்கள். கல்கரியில் சடில்டோம் அரங்கின் படிக்கட்டுகள் மலர்களாலும் ஹொக்கி மட்டைகளாலும் நிறைந்தன. அத்தானும் மகளும் அங்கே போனார்கள். அத்தான் மழைக்கு நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவருடைய 13ஆம் இலக்கச் சட்டையைப் படியில் வைத்துவிட்டு வந்ததாக அக்கா சொன்னா.

ஒக்ரோபர் 15ஆம் திகதி கொலம்பஸின் முதல் உள்ளூர் ஆட்டம். எதிரணி புளோரிடா. பனியில் கொலம்பஸ் வீரர்கள் கூட்ரோ நிற்கும் இடப்பக்க இடத்தைக் காலியாக விட்டு நின்றார்கள். மணிக்கூட்டில் 13 வினாடிகள் ஓடி முடியும்வரை யாரும் விளையாடவில்லை. நான் ஸ்காபரோவிலும் அத்தான் கல்கரியிலும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொலைபேசி இணைப்பு திறந்தே இருந்தது, இருவரும் பேசவில்லை.